பதினோரு நிமிடப் பஞ்சு

மேற்கு மில்லின் சங்கு ஊமையாகிப் பத்தொன்பது வருடம் கழிந்து, மில் நின்ற இடத்தில் எழும்பிய பதினான்கு மாடிக் கட்டடத்தின் நிழல் பிற்பகல் மூன்று மணிக்கே லைன் வீடுகளின் ஓட்டில் வந்து படுத்துக்கொள்ளத் தொடங்கிய காலத்தில், ஒன்பதாம் நம்பர் வீட்டுச் சென்னியப்பன் தன் ஸ்பீக்கர்களை இரண்டாவது முறையாக மாற்றினார். மாற்றிய அன்றே அவை பஞ்சு உதிர்த்தன.

காது கேட்காத மனுசனுக்கு எதற்கு ஸ்பீக்கர் என்று லைனில் யாரும் கேட்டதில்லை. அங்கே பாதிக் கிழவர்களுக்குக் காது இல்லை. முந்நூற்று இருபது தறி ஒரே கூரைக்குக் கீழே அடித்த சத்தத்தில் தறி ஷெட் ஆட்கள் எல்லாரும் வாய் அசைவைப் பார்த்தே பேசப் பழகினவர்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வந்த பிறகும் உதட்டைப் பெரிதாக விரித்து, குரலே இல்லாமல், சந்தைக்குப் போன கதையையும் பெண் பார்த்த கதையையும் பேசிக்கொண்டு போவார்கள். சென்னியப்பனின் காதிலும் பாதியைத் தறி தின்றது. மீதிப் பாதியை, பெரிய வேலைநிறுத்தத்தின் நாற்பதாம் நாள், ஒரு காவல் நிலையத்தின் உள்ளங்கை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவரை ஜெயிலில் வைத்தார்கள்.

அவர் உள்ளே இருந்தபோதுதான் அது நடந்தது. ஐம்பத்து மூன்றாம் நாள், பசி தாங்காமல் நூறு பேர் பின் கேட் வழியாக வேலைக்குப் போகத் தயாராக நின்ற காலை, ரீலிங்கில் நூலைச் சிட்டம் சிட்டமாகக் கட்டும் பழனாத்தாள், அதாவது சென்னியப்பனின் பெண்சாதி, அதுவரை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படிகூடப் பேசியிராதவள், டீக்கடைப் பெஞ்சின் மேல் ஏறி நின்று பதினோரு நிமிடம் பேசினாள். ஒருவனும் உள்ளே போகவில்லை. சங்கத்து டேப் ரிக்கார்டரில் யாரோ அதைப் பதிந்து வைத்தார்கள்.

வெளியே வந்த சென்னியப்பனிடம் சந்திக்கிறவர்கள் எல்லாம் உதட்டை விரித்து அதையே சொன்னார்கள். “உங்க பேச்செல்லாம் பேச்சுங்களாண்ணா, அன்னைக்கு அக்கா பேசுனதுதான் பேச்சு.” பதினோரு வருடம் கேட் கூட்டம் பேசியவர் அவர். பள்ளிக்கூடத்தில் கற்றது நாலாம் வகுப்பு. மீதியெல்லாம் துண்டுப் பிரசுரத்திலும் நாலணாப் புத்தகத்திலும் கற்றது. அவர் சிரித்தார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, “அப்பிடி என்னத்த பேசுன?” என்று கேட்டார். பழனாத்தாள் அரிசி புடைத்துக்கொண்டே உதட்டை அசைத்தாள்: “வாய்க்கு வந்ததச் சொன்னேன். அத உட்டுட்டு வாங்க, உண்ணலாம்.”

ஆறு வருடம் கழித்து அவள் செத்துப்போனாள். முப்பது வருடம் மில்லில் இருந்தவளின் நெஞ்சைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு தலையணைக்குப் போதுமான தூசி இருந்திருக்கும். மில் டாக்டர் ஆஸ்துமா என்று எழுதினார். பஞ்சுத் தூசியால் நெஞ்சு போனவர்கள் நாற்பத்தொரு பேருக்கு வழக்கு நடத்தி நியாயம் வாங்கித் தந்தவர் சென்னியப்பன். அந்தப் பட்டியலில் தன் பெண்சாதி பெயரை எழுதவில்லை. அவளுக்கும் அதே நோய் என்று அவருக்குத் தெரியாது. படுத்ததும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள், தோள் குலுங்கும், இரண்டு சின்னக் குலுக்கல், ஒரு பெரிய குலுக்கல், மறுபடி இரண்டு சின்னக் குலுக்கல். அழுகிறாள் என்று நினைத்தார். ஏன் என்று கேட்டால் பழி தன் மேல்தான் வரும் என்று, ஊருக்கெல்லாம் நியாயம் கேட்டவர், அதை மட்டும் கேட்காமல் விட்டார்.

அந்தக் கேசட் அவரிடம் இருந்தது. ஒரு முறை சங்கத்தின் எதிர்க் கோஷ்டி இரவல் வாங்கிப்போய் நாலு வருடம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தது. அதிலிருந்து அது ஒன்பதாம் நம்பர் வாசலைத் தாண்டியதில்லை. அவள் செத்த நாளில் வருடா வருடம் மகள் ஓசூரிலிருந்து வந்து அதைப் போட்டுக் கேட்டு அழுதுவிட்டுப் போவாள். வானத்தைச் சுற்றி வந்த ருஷ்யக்காரியின் பெயரை மகளுக்கு வைத்திருந்தார், வாலண்டினா. லைனில் அவள் வாலண்டி. மகள் கேட்பாள், அப்பன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் டீக்கடை டிவியில் சண்டைப் படம் ஓடியபோது, பக்கத்தில் நின்றிருந்த பெரிய பெட்டியின் அதிர்வு செருப்பில்லாத காலில் ஏறியது. சத்தம் காலால் வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார். மூடிப்போன டூரிங் டாக்கீஸ் ஒன்றின் பிளைவுட் பெட்டிகள் இரண்டை வாங்கிவந்து, கேசட்டைப் போட்டு, வெறுங்காலோடு எதிரே நின்றார். கூட்டத்து ஆம்பிளைகளின் கோஷம் காலில் ஏறியது. பழனாத்தாள் ஏறவில்லை. பொம்பளைக் குரல் மெல்லிசு, அது தரைக்கு இறங்கி வராது என்றான் டவுன் கடைக்காரன். எக்ஸ்சேஞ்சில் அதைவிட உயரமான ஜோடி வாங்கினார். அதிலும் வரவில்லை.

“அய்யா, வீடு சின்னது. அலமாரியில வெக்கற மாதிரி சின்னதா, சுத்தமா ஒண்ணு இருக்குது, எடுத்துக்கங்க. படத்துக்கும் ஆகும், பாட்டுக்கும் ஆகும்” என்றான் கடைக்காரன், எழுதிக் காட்டி.

“தரையில நிக்கறதுதான் வேணும். எனக்குக் காது வேண்டாம், காலு போதும்.”

மூன்றாம் ஜோடி நெஞ்சுயரம் இருந்தது, ஒவ்வொன்றிலும் நாலு வாய். எந்தக் கம்பெனி என்று கடைக்காரனுக்கே தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, முதலில் ஒரு சண்டைப் படத்தின் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தார். பெட்டியின் முன்துணியில் பனி பூத்ததுபோல வெள்ளை படர்ந்தது, திரண்டது, சிமெண்டுத் தரையில் பொத்தென்று விழுந்தது. பஞ்சு.

மில்காரனுக்குப் பஞ்சைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஒரு பிடி எடுத்து, இரண்டு கட்டை விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்து, இழை நீளம் பார்த்தார். பிறகு, தறி ஷெட்டுக்குள் நுழையும்போது முப்பத்து மூன்று வருடம் செய்ததை யோசிக்காமல் செய்தார்: ஒரு துளி கிள்ளி உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டார். அடைத்ததும் பஞ்சில் இருந்தது கேட்டது. முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகு அவர் காதில் விழுந்த முதல் சத்தம், யாரோ ஒரு நடிகன் யாரோ ஒரு அடியாளின் தாடையில் விட்ட குத்து. அதைக் கேட்டு அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். அழுது முடிப்பதற்குள் கேசட் ஞாபகம் வந்துவிட்டது.

ஆனால் அன்று சாயங்காலமே இன்னொன்றும் தெரிந்துவிட்டது. அந்த டிஸ்க்கில் இப்போது ஆட்கள் வாயைத் திறந்து மூடினார்கள், சத்தம் இல்லை. போனில் இருந்து போட்ட பாட்டும் அந்தப் போனில் மௌனமாகிவிட்டது. பஞ்சாக விழுந்தது பஞ்சுதான், திரும்பிப் போகாது. சினிமாப் பாட்டுக்குப் பரவாயில்லை, கடையில் வேறு கிடைக்கும். ஒரே ஒரு பிரதி இருக்கிற எதையும் அந்தப் பெட்டியில் போடக்கூடாது என்று லைன் முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.

லைன் வீடுகளுக்கு இதில் ஆச்சரியப்பட நேரம் இல்லை. பஞ்சு வந்தால் அதற்கு வேலை இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் டேங்குக்குக் கீழே பொதுக்கூட்டம் கூடியது, சென்னியப்பன் தலைமை. என் வீட்டில் விழுந்தாலும் இது என்னுடையது அல்ல, உழைக்கிறவன் கூட்டாக எடுத்துக் கூட்டாகப் பங்கு போட வேண்டிய பொருள் என்று அவர் பேசினார். யாரும் தனியாக எடுத்து வைக்கக்கூடாது, ஒன்பதாம் நம்பர் கதவு பகலில் தாழ் போடப்படாது, தினமும் ஐந்து மணிக்குப் பஞ்சு எடுக்கப்படும், தலைக்கு இவ்வளவு என்று முப்பத்திரண்டு வீட்டுக்கும் போகும் என்று தீர்மானம் நிறைவேறியது. எடுக்கிற பொறுப்பு மிக்ஸிங் குப்புராசுக்கு.

குப்புராசு மில்லின் முதல் டிபார்ட்மெண்டில் இருந்தவர். பேல் பேலாக வரும் பஞ்சை உடைத்து, இந்த ஊர்ப் பஞ்சு அந்த ஊர்ப் பஞ்சு என்று இல்லாமல் அடுக்கடுக்காகப் பரப்பி, மிதித்துக் கலப்பதுதான் மிக்ஸிங். கலக்காமல் ஓட்டினால் நூல் ஒரு பக்கம் தடிக்கும், ஒரு பக்கம் அறும். இங்கேயும் கலந்தே ஆக வேண்டும் என்று அவர் கூட்டத்தில் எழுந்து சொன்னார்.

“ஒரு ஊட்டுக்கு நல்ல பாட்டு, ஒரு ஊட்டுக்கு வில்லன் சிரிப்புன்னு போச்சுன்னா நாளைக்கே அடிதடிதாங்க. எல்லாத்தையும் கலந்து போட்டா எல்லாத்துக்கும் எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம்.”

அது நியாயம் என்று எல்லாருக்கும் பட்டது. பழைய சங்க ஆபீஸ் மிக்ஸிங் ஷெட் ஆயிற்று. ஸ்பின்னிங்கில் இருந்த ஆராயி வில்லால் பஞ்சடித்து மெத்தையும் தலையணையும் தைத்தாள். காது போன கிழவர்கள் எல்லாரும் படுக்கையில் தலையை வைத்ததும், எலும்பு வழியாக, பாதிப் பாட்டும் கால் வசனமும் ரயில் ஓடுகிற சத்தமும் கேட்டார்கள். தறிக்காரர்கள் இப்போது பகலிலும் தூங்கினார்கள். எந்தச் சத்தம் எப்படிப்பட்ட பஞ்சு தரும் என்பது கொஞ்ச நாளில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துவிட்டது: நாதஸ்வரம் நீள இழை, சண்டைக் காட்சி மெத்தைக்கு மட்டும் ஆகிற கழிவு, சீரியல் அழுகை ஈரமாக விழுந்து இரண்டு நாளில் மஞ்சளாகும், டிவி விவாதத்தில் பஞ்சே இல்லை, வெறும் தூசி, வீடு முழுக்கத் தும்மல். மாநகராட்சியிலிருந்து சுகாதாரத்துக்காரர் வந்தார், தூசித் தொல்லை என்று எழுதினார், போகும்போது ஒரு தலையணை கேட்டு வாங்கிப் போனார். மில்லில் நாற்பது வருடம் தூசி பறந்தபோது அவர் ஆபீசிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

தன் பழைய மேடைப் பேச்சு கேசட் ஒன்றையும் சென்னியப்பன் போட்டுப் பார்த்தார். குப்புராசு அதை இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்னப்பா?”

“இழை கொஞ்சம் குட்டைங்கண்ணா. தூளும் இருக்குது. கலந்தாச் சரியாப் போயிரும்.”

ஆராயி வில்லை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். “அக்காளுதப் போட்டுருந்தா பட்டாட்டம் வந்துருக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. வாயசைவில் அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

செய்தி ஓசூருக்கும் போயிற்று. புதன்கிழமை காலை வாலண்டினாவிடமிருந்து போனில் எழுத்து வந்தது. “அப்பா, அம்மா கேசட்டை அந்தப் பெட்டியில் போடாதீங்க. ஞாயித்துக்கிழமை ஒயரோட வர்றேன். முதல்ல போன்ல பதிஞ்சுக்கறேன். அப்புறம் நீங்க பஞ்சாக்கிக் கேளுங்க. நாலு நாள்தான்.” அவர் அதை மூன்று முறை படித்தார். நியாயமான பேச்சு. நியாயமான பேச்சுக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தவர். மத்தியானம் வரை கட்டுப்பட்டார். மத்தியானம் கேசட்டின் உறையைத் திறந்தபோது நாடாவின் ஓரத்தில் பூஞ்சை வெள்ளையாகப் படிந்திருப்பது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இது செத்துப்போகும் என்று நினைத்தார், அல்லது அப்படி நினைக்க விரும்பினார். ஊரே கேட்டது, எதிர்க் கோஷ்டிக்காரன் நாலு வருடம் வைத்துக் கேட்டான், மகள் முப்பது முறை கேட்டாள், நான் ஒரு முறை கேட்கக்கூடாதா என்ற பழைய கசப்பு மேலே வந்தது. நாலரைக்குப் போட்டார்.

அந்த மாதிரிப் பஞ்சு அந்த வீட்டில் விழுந்ததில்லை. பொத்தென்று விழவில்லை, இழை இழையாக இறங்கி, காற்றில் ஒருகணம் நின்று, யோசித்து, பிறகு விழுந்தது. நடுநடுவே மட்டும் இறுகிய சின்ன முடிச்சுகள் தெறித்தன, ஆரம்பத்தில் மூன்று, பிறகு அங்கங்கே. நாடாவின் கோளாறு என்று நினைத்தார். பதினோரு நிமிடத்தில் ஒரு மடி அளவு சேர்ந்தது. எடுக்கக் குனிந்தவர், தன் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நகத்தில் பீடித் தூள், உள்ளங்கையில் மிஷின் எண்ணெய். ரீலிங் பெண்கள் வெள்ளைச் சிட்டத்தை எவனையும் அழுக்குக் கையால் தொட விடமாட்டார்கள். கல்யாணமான புதிதில் பழனாத்தாள் அவர் புறங்கையில் அடித்திருக்கிறாள், கையக் கழுவிட்டுத் தொடுங்க என்று. அவர் போய்க் குளித்தார். தலைக்கு ஊற்றினார். நகத்தைக் குச்சியால் சுரண்டினார். சலவை வேட்டியைக் கட்டி, தலையைத் துவட்டி, கல்யாணத்துக்குப் போகிறவன்போலச் சீப்பால் வாரிக்கொண்டு வந்தார்.

தரை சுத்தமாக இருந்தது. பெருக்கியிருந்தது.

மணி ஐந்தரை. மிக்ஸிங் குப்புராசு வந்திருக்கிறார். பழக்கத்தில் மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். பதிலுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டிருக்கிறது. கதவு தீர்மானப்படி திறந்திருந்தது.

சென்னியப்பன் ஓடினார். எழுபத்து நாலு வயதில், ஈரத் தலையோடு. சங்க ஆபீசில் குப்புராசு குவியலின் மேல் நின்று மிதித்துக்கொண்டிருந்தார், ஆராயி ஏற்கெனவே பாதியை அடித்து முடித்திருந்தாள்.

“வாங்கண்ணா. இன்னைக்கு அருமையான பஞ்சுங்க. சர்வீஸ்ல இப்பிடி ஒரு பஞ்ச நான் பாத்ததில்ல. என்ன படம் போட்டீங்க?” குப்புராசின் உதடு சந்தோஷமாக விரிந்தது, பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சுருங்கியது. கால் நின்றது. “அண்ணா. அக்காதுங்களா?”

அவர் தலையசைத்தார்.

குப்புராசு கூரையிலிருந்து இறங்குகிறவர்போல மெதுவாகக் குவியலை விட்டு இறங்கினார். ஆராயி வில்லைக் கீழே வைத்தாள்.

“பிரிச்செடுக்க முடியுமா?”

“முடியாதுங்கண்ணா.” அவர் வாய் கோணியது. “பிரிக்க வந்தா அது மிக்ஸிங்கே இல்லீங்களே. ஒரு துண்டுச்சீட்டு எழுதி மேல வெச்சிருக்கக் கூடாதுங்களா, இதத் தொடாதேன்னு?”

யாரும் தனியாக எடுத்து வைக்கக்கூடாது என்ற தீர்மானத்தை எழுதிய கை, அந்தச் சீட்டை எப்படி எழுதும். வாழ்நாள் முழுக்க எல்லாம் எல்லாருக்கும் என்று தொண்டை வறளக் கத்தியவருக்கு, தனக்கு என்று ஒன்று வேண்டியிருந்தது இதுவரை தெரியாது. தெரிந்தபோது அது முப்பத்திரண்டு வீட்டுப் பங்கோடு கலந்து கிடந்தது.

“பங்கு போடுங்க” என்றார். “சட்டப்படி போடுங்க.”

தலைக்கணக்கில் ஒற்றை ஆள் வீட்டுக்கு வருவது மிகச் சின்னப் பங்கு. ஒரு தலையணை. அதை ஆராயி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவர் அதைத் தொடவில்லை. நாலு நாளும் வெறுந்தரையில் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வாலண்டினா ஒயரோடு வந்தாள். கேசட்டைப் பழைய டெக்கில் போட்டு, காதில் மாட்டி, இரண்டு பக்கமும் கடைசி வரை கேட்டாள். பிறகு மாட்டியிருந்ததைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் ஒன்று விடாமல் சொன்னார். குளித்ததையும் சொன்னார்.

“அம்மா கிட்டயிருந்து எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதாம்பா” என்று அவள் உதடு அசைந்தது.

“எனக்கு அதுவும் இருந்ததில்ல, கண்ணு.”

“வேண்டாம்னு சொன்னனா? நாலு நாளு. முப்பத்தாறு வருசம் இருந்தவருக்கு நாலு நாளு.” அவள் கத்தவில்லை, கத்தினாலும் அவருக்குத் தெரியாது. “போராட்டம்னா பொறுமைன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்.”

மேடையில் எந்தக் குறுக்குக் கேள்விக்கும் திணறாதவர், கேசட் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாலண்டினா எழுந்து போய் முதலாம் நம்பர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர்கள் ஒன்றும் கேட்காமல் கட்டிலைக் காலி செய்துவிட்டு வாசலில் போய் நின்றார்கள். அவள் தலையை வைத்துப் படுத்தாள், கண்ணை மூடினாள், கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனாள். இப்படி முப்பத்தொரு வீடு. அன்றைக்கு லைனில் யாரும் டிவி போடவில்லை, யாரும் குழாயடியில் சண்டை போடவில்லை, குக்கர் விசில் வரும் முன்னே அடுப்பை அணைத்தார்கள். மூன்றாம் நம்பரில் ஒரு காமெடி வசனத்துக்கும் ஒரு மழைச் சத்தத்துக்கும் நடுவே ‘பின் கேட்டு’ என்று கேட்டது. பதினேழில் ‘எம் புருசன்’. இருபத்தொன்றில் ஒன்றுமில்லை; அந்த வீட்டுக்காரி அதற்காக அழுதாள். இருபத்தெட்டில் ‘நாளைக்கு உங்க புள்ளைங்க’ வரை வந்து, ஒரு வில்லன் சிரிப்பில் முடிந்தது. குப்புராசு தெருக்கோடியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். போகும்போது அவள் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

வெயில் சாயும் நேரத்துக்கு ஒன்பதாம் நம்பருக்குத் திரும்பி வந்தாள். தலைமயிரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. மூலையில் தொடாமல் கிடந்த தலையணையை எடுத்துத் தட்டி, தரையில் போட்டு, அப்பனைப் பார்த்தாள்.

“உங்க பங்கு. இத நான் கேக்க மாட்டேன். படுங்க.”

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து படுத்தார்.

முதலில் ஒரு லாரி போயிற்று. ஒரு நாதஸ்வரம் பாதி மூச்சில் நின்றது. யாரோ ஒரு நடிகை ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்புறம் ஒரு வெளி, காலை வெளி, நிறையப் பேர் பேசாமல் நிற்கிற வெளி. ஒரு பெஞ்சு கிரீச்சென்றது.

இருமல். இரண்டு சின்ன இருமல், ஒரு பெரிய இருமல்.

முதல் தடவை பேசுகிறவளின் தொண்டைக் கனைப்பு என்று ஊரே நினைத்தது, நினைத்து மறந்தது; பேச்சு அப்படிப்பட்ட பேச்சு. அவருக்கு அது சத்தமாக மட்டும் வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிய ஒரு முதுகு வந்தது. இரண்டு சின்னக் குலுக்கல், ஒரு பெரிய குலுக்கல். ஆறு வருடம் கண்ணால் மட்டும் பார்த்தது, முப்பது வருடம் கழித்துத் தன் சத்தத்தோடு வந்து சேர்ந்துகொண்டது. தரையில் விழுந்த முடிச்சுகள் ஞாபகம் வந்தன, ஆரம்பத்தில் மூன்று. அன்றைக்கே இருந்திருக்கிறது. சாவதற்கு ஆறு வருடம் முன்னால், அந்தப் பெஞ்சின் மேலேயே இருந்திருக்கிறது.

அதற்கு மேல் தலையணையில் ஒன்றுமில்லை. மறுபடி லாரி போயிற்று, நாதஸ்வரம் நின்றது, நடிகை கூப்பிட்டாள், பெஞ்சு கிரீச்சென்றது, அவள் இருமினாள்.

வாலண்டினா பக்கத்தில் குத்துக்காலிட்டு, அவர் கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தாள். “அம்மாவாப்பா? என்ன சொல்றாங்க?”

அவர் தலையை எடுக்கவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கி, கூட்டத்தை அமைதிப்படுத்துகிறவர்போல, அவளைப் பொறுக்கச் சொன்னார்.

“இரு” என்றார். “பேச ஆரம்பிக்கப் போறா.”